முதல் 500 மைல்

1950களிலும் 60களிலும் இங்கிலாந்துச் சாலைகளில் முன்னால் போவது புதுக் கார் என்பதை அதன் பின்கண்ணாடியே சொல்லிவிடும். ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்று அச்சிட்ட அட்டை அதில் ஒட்டியிருக்கும். எஞ்சின் புதிது, மெதுவாகத்தான் போவேன், தாண்டிப் போய்க்கொள்ளுங்கள் என்று அர்த்தம். காருக்குக் கார் கணக்கு மாறினாலும் விதி ஏறக்குறைய ஒன்றுதான்: முதல் 500 மைல் வரை வேகம் கூடாது, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கக் கூடாது, மேட்டில் எஞ்சினைத் திணற விடக் கூடாது. முழுப் பணத்தையும் கொடுத்துக் கார் வாங்கியவர், தொழிற்சாலை முடிக்காமல் விட்ட கடைசி வேலையைச் சாலையில் செய்து முடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வேலையை முதலில் செய்தவர் ஃபிட்டர். ஆரம்பகால எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கிய பேரிங்குகள் ஒயிட் மெட்டல் என்னும் மென்மையான கலப்பு உலோகத்தால் ஆனவை. அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உருக்கி வார்த்த பேரிங் அப்படியே ஷாஃப்டோடு பொருந்திவிடாது. ஃபிட்டர் ஷாஃப்டில் நீல மையை மெல்லப் பூசி, பேரிங்கில் உட்கார வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார். மை ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதை ஸ்கிரேப்பரால் செதிள் செதிளாகச் சீவுவார். மறுபடி மை, மறுபடி சுற்று, மறுபடி சீவல். பேரிங் முழுவதும் நீலப் புள்ளிகள் சீராகப் படியும்வரை கை ஓயாது. இந்த வேலையில் தேர்ந்தவர்கள் பட்டறையில் மதிப்போடு இருந்ததில் வியப்பில்லை.

டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க்கில், 1910இல் திறந்த ஆலையில் ஃபோர்டு மாடல் டி கார்களைச் செய்த வேகத்துக்கு இந்தப் பொறுமை ஒத்துவரவில்லை. அங்கே பேரிங்குகளை இறுக்கமாகப் பூட்டினார்கள்; பெட்ரோல் ஊற்றாமலே, வெளியிலிருந்து மோட்டார் சக்தியால் எஞ்சினைச் சுழற்றினார்கள். உலோகம் உலோகத்தோடு உரசி மேடுகள் தேய்ந்தன. ஃபிட்டரின் கை செய்ததை உராய்வு செய்தது. அதற்கு மேலும் தேய வேண்டியது மிச்சமிருந்தால், அது காரை வாங்கியவர் பாடு.

அந்த மிச்சம் கொஞ்சநஞ்சமல்ல. சிலிண்டர் சுவரும் பிஸ்டனும் இன்றுபோல் நுட்பமாகக் கடையப்பட்டவை அல்ல. எண்ணெயிலும் தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானங்கள் அதிகமில்லை. கார்போரண்டம் என்னும் தேய்ப்புப் பொருளைக் கண்டுபிடித்த எட்வர்ட் அச்செசன் எண்ணெயில் கலந்து நிற்கும் நுண்ணிய கிராஃபைட்டைத் தயாரித்தார். புது எஞ்சினுக்கு அதை ஊற்றும் வழக்கமும் பரவியது. 1959 நவம்பரில் இங்கிலாந்தில் வேகவரம்பே இல்லாமல் எம்1 நெடுஞ்சாலை திறந்தபோது, அட்டை ஒட்டிய கார்களுக்கு அது கொஞ்சமும் பொருந்தாத இடமாக இருந்திருக்கும்.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. 1949இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வரத் தொடங்கியது. பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம், குளிர்விப்பது எதிர்க்காற்று மட்டும். சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். புது எஞ்சினில் இடைவெளி நெருக்கமாக இருக்கும். அந்த நிலையில் வண்டியை விரட்டினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ‘சீஸ் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். ஆகவே ‘ரன்னிங் பீரியட்ல விரட்டாதீங்க’ என்ற அறிவுரையில் மூடநம்பிக்கை ஏதும் இல்லை.

ஆனால் அந்த அறிவுரை பாதி உண்மைதான். பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் மென்மையான ஓட்டம் வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கு நேர்மாறானது வேண்டும். கல்லால் தேய்த்துப் புதிதாக ஹோனிங் செய்த சிலிண்டரின் உள்சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். கீறலின் பள்ளங்களில் எண்ணெய் தங்கும். முகடுகளை ரிங் தேய்த்து மட்டமாக்கி, சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும். ரிங்கின் சொந்த விறைப்பு மட்டும் இதற்குப் போதாது. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்த வேண்டும். பயந்து பயந்து ஊர்ந்தால் அந்த அழுத்தம் கிடைக்காது. எண்ணெய் கருகிச் சுவரில் கண்ணாடிபோலப் படிந்துவிடும். அதன் பிறகு ரிங் உட்காரவே உட்காராது. வண்டி எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

விமானக்காரர்கள் இதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டார்கள். சிறு விமானங்களுக்கு எஞ்சின் செய்யும் லைகமிங் நிறுவனம், புது எஞ்சினைச் சேர்மானமில்லாத மினரல் எண்ணெயோடு, முக்கால் அளவுக்கு நெருங்கிய சக்தியில் ஓட்டச் சொல்கிறது. 50 மணி நேரம் ஆகும்வரை, அல்லது எண்ணெய்ச் செலவு ஒரே அளவில் நிலைக்கும்வரை, அந்த எண்ணெய்தான். ரிங் தேய்ந்து உட்காரத்தான் வேண்டும் என்பதால், தேய்மானத்தை அதிகம் தடுக்கும் எண்ணெய் அங்கே இடைஞ்சல்.

கார்களில் அந்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது தொழிற்சாலைதான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பிளாட்டோ ஹோனிங் முறையில், முரட்டுக் கல் முதலில் ஆழமான கீறல்களைப் போடும். பிறகு நைஸ் கல் முகடுகளை மட்டும் சீவிவிடும். 500 மைல் ஓடித் தேய வேண்டியதை இயந்திரமே முன்கூட்டித் தேய்த்துத் தருகிறது. வார்த்துச் சுரண்டிய பேரிங்கின் இடத்தை, அளவெடுத்துச் செய்த மெல்லிய ஷெல் பேரிங் எப்போதோ பிடித்துவிட்டது. பின்கண்ணாடி அட்டை மறைந்ததற்கு இவைதான் காரணம், ஓட்டுபவரின் அவசரம் அல்ல.

ஆனால் ‘ரன்னிங் இன்’ வழக்கம் முழுதாக மறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரில் தனியாக ஒரு சர்வீஸ் உண்டு. எஞ்சின் எண்ணெயை அப்போதே மாற்றிவிடுகிறார்கள். பழைய எஞ்சின்களைப் புதுப்பிப்பவர்களுக்கு வேறு கவலை. தட்டையான டாப்பெட் கொண்ட எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைப் புதிதாக மாட்டினால், ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி 20 நிமிடமாவது ஓட்டுகிறார்கள். பல எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் வாரி இறைக்கும் எண்ணெய்தான் கேமை நனைக்கிறது. வேகம் குறைந்தால் அது போய்ச் சேராது. கேமைக் காக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானத்தையும் இன்றைய பெட்ரோல் கார் எண்ணெய்களில் குறைத்துவிட்டார்கள், பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுப்பதால். எனவே அந்த 20 நிமிடத்துக்கென்றே தனி எண்ணெய் வாங்கி வைத்துக்கொண்டுதான் சாவியைத் திருப்புகிறார்கள்.