இரண்டாம் விருப்ப வாக்குக்குக் கொடுத்த விலை: 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் சிண்டிகேட்டின் உத்தி

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதி மக்கள் அனைவருக்குமாகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிப்பவர்களில் ஒருவர் அவர்களுடைய சட்டமன்ற உறுப்பினர். 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி அவருடைய வாக்கின் மதிப்பு 176. வாக்கு இரகசியமானது; கட்சிக் கொறடாவின் உத்தரவு அதைக் கட்டுப்படுத்தாது. எனவே இத்தேர்தலில் தலைவர்கள் யாரைச் சந்தித்து என்ன கேட்கிறார்கள் என்பதே பிரசாரமாகிவிடுகிறது. பெரும்பாலும் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் உத்தி பற்றிய கேள்வி எழுவதில்லை. 1969 விதிவிலக்கு.

அவ்வாண்டு மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழுவில் இந்திரா காந்தி ஜெகஜீவன் ராமை முன்மொழிந்தார். காமராஜர், நிஜலிங்கப்பா உள்ளிட்ட காங்கிரஸ் மூத்த தலைவர்களின் குழுவான சிண்டிகேட்டினர் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தனர். வி.வி. கிரி சுயேச்சையாகக் களமிறங்கினார். ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. 

முதல் விருப்ப வாக்குகளில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769 பெற்றனர். வெற்றிக்குத் தேவை 4,18,169. மற்றவர்களின் வாக்குகள் அடுத்த விருப்பப்படி பிரிக்கப்பட்டபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இடைவெளி 14,650. அதாவது 7,326 மதிப்புள்ள வாக்குகள் கிரியிடமிருந்து ரெட்டிக்கு மாறியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். அன்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 576. பதின்மூன்று பேர் போதும்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் சிண்டிகேட்டின் உத்தியை எடைபோட வேண்டும். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்க, சுதந்திராத் தலைவர்களைத் தாமே சந்தித்து, ரெட்டிக்கு இரண்டாம் விருப்ப வாக்கு கேட்டார். அது பலித்தது என்றே எண்கள் காட்டுகின்றன: பிரிக்கப்பட்ட வாக்குகளில் 91,879 ரெட்டிக்குச் சென்றன, கிரிக்கு 18,562 மட்டுமே. ஆனால் அந்த வாக்குகள் கேளாமலும் வந்திருக்கும் என்பதே என் முடிவு. கம்யூனிஸ்டுகள் ஆதரித்த கிரிக்கு அவ்விரு கட்சியினரும் இரண்டாம் இடம் கொடுக்கக் காரணமே இல்லை. தம் பக்கம் எப்படியும் சாயவிருந்த வாக்குகளுக்காக, ஒருபோதும் இழக்கக் கூடாத ஒன்றை நிஜலிங்கப்பா இழந்தார்.

ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்திட்டவர் இந்திராவேதான். அதிலிருந்து அவர் பின்வாங்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஜெகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதுவும் நிஜலிங்கப்பாவின் அந்தச் சந்திப்பைச் சுட்டி விளக்கம் கேட்டார்கள். வலதுசாரிகளோடு இரகசிய உடன்பாடு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதன் பின்னரே மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற அழைப்பு வந்தது. வங்கிகளை நாட்டுடைமையாக்கிய கையோடு அந்த அழைப்பை விடுத்த தலைவருக்குக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் செவிசாய்த்தனர்.

இந்திரா எப்படியும் கலகம் செய்திருப்பார் என்று வாதிடலாம். இருக்கலாம். ஆனால் கலகம் செய்வது வேறு, தயங்கி நின்ற கடைசிப் பதின்மூன்று பேரைக் கூட்டிச் செல்வது வேறு. அவர்களுக்குச் சொல்லத்தக்க ஒரு நியாயம் தேவைப்பட்டது. அதை நிஜலிங்கப்பாவின் சந்திப்பு தந்தது.

தமிழ்நாட்டின் பக்கமிருந்து ஒரு மாற்றுவழி இருந்ததா? திமுகவுக்கு மக்களவையில் 25 உறுப்பினர்கள். சட்டமன்றத்தில் 130-க்கும் மேல், ஒவ்வொருவரின் வாக்கு மதிப்பும் அன்று 144. கிரியை ஆதரித்த இந்த அணி மட்டும் இடம் மாறியிருந்தாலே ரெட்டி வென்றிருப்பார். ஆனால் சிண்டிகேட்டின் தமிழ்நாட்டு முகம் காமராஜர். 1967-ல் அவரை விருதுநகரில் தோற்கடித்த கட்சி, அவருடைய வேட்பாளருக்குக் குடியரசுத் தலைவர் மாளிகையைத் திறந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தக் கதவு ஏற்கெனவே அடைபட்டிருந்ததால்தான் சொந்தக் கட்சியின் ஒவ்வொரு வாக்கையும் பொத்திப் பாதுகாக்க வேண்டிய கட்டாயம் சிண்டிகேட்டுக்கு இருந்தது.

தேஷ்முக்கின் ஆதரவாளர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டு, இந்திரா கையெழுத்திட்ட வேட்புமனுவையே பிரசாரத்தின் மையமாக வைத்திருந்தால், 1969 ஆகஸ்டில் சஞ்சீவ ரெட்டி வென்றிருப்பார் என்றே கருதுகிறேன். நவம்பரில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபோது, குடியரசுத் தலைவர் மாளிகையில் சிண்டிகேட்டின் வேட்பாளர் இருந்திருப்பார்.