அந்நியன் பாறையும் ஸ்க்ரியாபினின் இந்தியாவும்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் வயல்களைத் தாண்டினால் வரும் பாறைகளுக்கு ‘அந்நியன் பாறை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2005இல் வெளிவந்த ‘அந்நியன்’ படத்தின் ஒரு பாடலுக்காக அவற்றின் மேல் நடிகர்களின் முகங்களைத் தீட்டினார்கள். ஹாரிஸ் ஜெயராஜின் மெட்டுக்காக ஒரு நிலமே வண்ணம் பூசிக்கொண்டது.

நிறத்தையும் ஒரு வாத்தியமாகக் கருதி, அதற்கென்று தனிச் சுரக்குறிப்பு எழுதியவர் ஒருவர் இருந்தார். மாஸ்கோவில் 1872இல் பிறந்த இசையமைப்பாளர் அலெக்சாந்தர் ஸ்க்ரியாபின். தன் வாழ்வின் பெரும்படைப்பை அவர் அரங்கேற்ற விரும்பிய இடம் இந்தியா. அந்த ஆசை எங்கே முளைத்தது என்று தேடிப் போனால், தடம் சென்னை அடையாற்றில் வந்து நிற்கிறது.

அடையாற்றுக்கும் முன்பாகத் திருநெல்வேலி. பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய தியாசபிகல் சொசைட்டி என்னும் ஆன்மிக அமைப்பு, இந்தியாவுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1881இல் ஆல்காட் இலங்கைப் பௌத்தர்களோடு நெல்லைக்கு வந்து, நெல்லையப்பர் கோயிலில் நட்பின் அடையாளமாக ஒரு தென்னங்கன்று நட்டார். சுந்தரபாண்டியபுரம் அன்றைக்கு அந்த நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஊர். தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான். ஆல்காட் வந்துபோன மறு ஆண்டு, 1882இல், சொசைட்டி அடையாற்றில் இடம் வாங்கிக் குடியேறியது.

ஸ்க்ரியாபின் அப்போது பத்து வயதுச் சிறுவன். பின்பு மாஸ்கோ கன்சர்வேட்டரியில் இசையமைப்பாளர் ராக்மனினோவோடு படித்து, ஷோப்பானின் சாயலில் பியானோ பிரெலூடுகள் எழுதி வளர்ந்தவர். 1905இல் பிளவாட்ஸ்கியின் நூலொன்று பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அவர் கைக்குக் கிடைத்தது. அதன் பிறகு இசை தியானமாகவும் சடங்காகவும் அவருக்குத் தோன்றத் தொடங்கியது. எழுத்தின் இலக்கணமும் மாறியது.

அந்த மாற்றம் நம் காதுக்கு எட்டாததல்ல. ஐரோப்பியச் செவ்வியல் இசையில், முறுக்கேறிய ஒரு ஸ்வரக்கூட்டு வந்தால் அது ஆதார சுருதிக்கு இறங்கி அமைதியடைய வேண்டும். ஸ்க்ரியாபின் அந்த முறுக்கையே வீடாக்கிக்கொண்டார். 1910இல் முடித்த ‘பிரமீத்தியஸ்’ என்ற வாத்தியக்குழுப் படைப்பு பெரும்பாலும் ஆறு ஸ்வரங்கள் அடுக்கிய ஒரே கூட்டிலிருந்து விரிகிறது. அடியில் ஷட்ஜம், அதன் மேல் பிரதி மத்யமம், கைசிகி நிஷாதம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம், சதுஸ்ருதி ரிஷபம். வரிசையாக வைத்து ஒரு பஞ்சமத்தைச் சேர்த்துப் பாடிப் பாருங்கள்: 64ஆவது மேளகர்த்தா, வாசஸ்பதி! பாபநாசம் சிவனின் ‘பராத்பரா’ கேட்டவர்களுக்கு இந்த ஸ்வரங்கள் பழகியவை.

இதை வைத்து ஸ்க்ரியாபின் நம்மிடம் கற்றார் என்று எழுதிவிடக் கூடாது. ஐரோப்பிய இசையின் ஏழாம் ஸ்வரக்கூட்டை மெல்ல மெல்ல வளைத்து அவர் வந்து சேர்ந்த இடம் அது. வாசஸ்பதி கமகத்தோடு ஓடும் ஆறு. அவருடைய கூட்டோ ஒரே கணத்தில் ஆறு ஸ்வரங்களும் சேர்ந்து ஒலிப்பது. அவரது இந்தியா செவிவழி வந்ததன்று, புத்தகவழி வந்தது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் அவர் இசையையும் நம் இசையையும் ஒருசேரத் தவறாகப் புரிந்துகொள்வோம்.

நிறத்திலும் அடையாற்றின் வாடை அடிக்கிறது. ஒலிக்கும் எண்ணத்துக்கும் நிறமும் வடிவமும் உண்டு என்று சொசைட்டியின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் எழுதிவந்த காலம் அது. ‘பிரமீத்தியஸ்’ சுரப்பிரதியில் எல்லா வாத்தியங்களுக்கும் மேலே ‘லூச்சே’ என்று ஒரு வரி ஓடும். இத்தாலிய மொழியில் ஒளி என்று பொருள். ஷட்ஜமாக ஐரோப்பியரின் ‘சி’யை வைத்துக்கொண்டால், அவர் கணக்கில் அதற்குச் சிவப்பு, அதன் பஞ்சமமான ‘ஜி’க்கு ஆரஞ்சு, அதற்கும் பஞ்சமமான ‘டி’க்கு மஞ்சள். 1907இல் பாரிசில் ரிம்ஸ்கி-கோர்சகோவும் இவரும் ‘டி’ மஞ்சள்தான் என்று ஒத்துப்போக, உடனிருந்த ராக்மனினோவ் நம்ப மறுத்தார். அவருடைய சொந்த ஆப்பெராவில் பொற்பெட்டி திறக்கும் காட்சி அதே ‘டி’யில்தானே இருக்கிறது என்று இருவரும் அவரை மடக்கினார்கள். ‘பிரமீத்தியஸ்’ சுரப்பிரதியின் அட்டைப்படத்தை வரைந்தவர் பெல்ஜியத் தியாசபிஸ்ட் ஓவியர் ழான் டெல்வில்.

1911 மாஸ்கோ அரங்கேற்றத்தில் ஒளிக் கருவி இல்லை. நியூயார்க் கார்னகி அரங்கில் 1915 மார்ச் 20 அன்றுதான் திரையில் வண்ணங்கள் விழுந்தன. ஸ்க்ரியாபின் அப்போது ரஷ்யாவில் இருந்தார்.

அதற்குள் அவர் மனம் ‘மிஸ்டீரியம்’ என்ற படைப்புக்குப் போயிருந்தது. இசை, நடனம், ஒளி, நறுமணம் எல்லாம் கலந்து இமயத்தின் அடிவாரத்தில் ஏழு நாள் நடக்க வேண்டிய பெருஞ்சடங்கு. 1914இல் லண்டனுக்குக் கச்சேரிக்குப் போனபோது தியாசபிஸ்ட்களோடு இந்தியப் பயணம் பற்றிப் பேசினார். வெயிலுக்கு ஒரு தொப்பியும் சமஸ்கிருத இலக்கண நூலும் வாங்கிக்கொண்டார். ஆகஸ்டில் போர் மூண்டது. 1915 ஏப்ரல் 27 அன்று, உதட்டில் வந்த ஒரு கட்டி சீழ் வைத்து ரத்தத்தில் நஞ்சாக, 43 வயதில் இறந்துபோனார். மிஸ்டீரியத்தின் முன்னுரையாக அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து, அலெக்சாந்தர் நெம்தின் 1970களில் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஒரு முழு வடிவம் கொடுத்தார்.

ஸ்க்ரியாபின் கடைசியாகக் குடியிருந்த மாஸ்கோ வீடு 1922 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பியானோவும் புத்தகங்களும் இருக்கும் அந்த வீட்டில் ஒரு மரப்பலகையும் உண்டு. ‘பிரமீத்தியஸ்’ வாசிக்கும்போது வீட்டுக்குள்ளேயே நிறம் பார்ப்பதற்காக, அதில் வண்ண பல்புகளை வட்டமாகப் பதித்து வைத்திருந்தார்கள்.