பீங்கானும் வெள்ளைத் துணியும்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர்ப் பகுதியிலே லேக்கொக் என்றொரு பழைய மடம் உண்டு. துறவியர் நீங்கியபின் செல்வர் மாளிகையாகிய அவ்விடத்தில் வாழ்ந்தவர் ஹென்றி பொக்ஸ் தல்பட். கடதாசியிலே நிழற்படம் பதிக்கும் முறையொன்றைக் கண்டு, 1841இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றவர் அவர். 1844 முதல் 1846 வரை, 24 படங்கள் கொண்ட நூலொன்றை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். 'இயற்கையின் எழுதுகோல்' என்பது அதன் பெயரின் பொருள்.

அந்நூலின் மூன்றாவது படத்தில் அழகிய காட்சி எதுவுமில்லை. தட்டு வரிசைகளிலே பீங்கான் பாத்திரங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. இத்தனை பொருள்களையும் எழுத்தில் விவரிக்க நெடுநேரம் செல்லும். கமராவோ அனைத்தையும் ஒருங்கே பதிந்துவிடும் என்கிறார் தல்பட். கள்வன் அவற்றைக் கவர்ந்து சென்றால், இப்படம் நீதிமன்றத்திலே ஊமைச் சாட்சியாக நிற்கலாமன்றோ? நீதிபதி அதனை ஏற்பாரா என்பதைச் சட்டம் வல்லாரிடமே விட்டுவிடுகிறார்.

விற்பனை அவர் நோக்கமன்று. ஆயினும் பொருளைக் கண்ணாற் காணாத ஒருவர் படத்தை நம்பி முடிவு செய்யலாம் என்ற எண்ணம் அங்கேயே முளைத்துவிட்டது. செதுக்குச் சித்திரக்காரன் விரும்பினால் கோணற் கிண்ணத்தையும் நிமிர்த்தி வரைவான். கமரா அவ்வாறு செய்யாது என்று உலகம் நம்பிற்று.

அந்த நம்பிக்கையிலும் ஓர் ஓட்டை இருந்தது. அதனை முதலிற் சொன்னவருள் தல்பட்டும் ஒருவர். வெண்பீங்கானையும் கண்ணாடியையும் சேர்த்துப் படம் பிடிக்கலாகாது. கண்ணாடியின் உருவம் தொடங்குமுன்பே பீங்கானின் உருவம் முடிந்துவிடும். நீலம் ஏறக்குறைய வெண்மை போலவே விரைந்து பதியும். பச்சை மிக மெல்லவே பதியும். எனவே நீலப் பூவேலை செய்த தட்டு, படத்திலே வெளிறிய தட்டாகவே தோன்றும். ஜெர்மானியரான வோகல் 1873இல் சாயமூட்டிப் பச்சையையும் பதியவைத்தார். எல்லா நிறங்களுக்கும் இசையும் தகடுகள் 1906இலேதான் கடைக்கு வந்தன. அப்போதும் படம் கறுப்பு வெள்ளையே!

ஐந்தாவது படம் பத்ரோக்கிளஸ் என்னும் கிரேக்க வீரனின் சுதைத் தலை. கடும் வெயில் கருநிழலை வீழ்த்தி உருவத்தைக் குழப்பும். மேகமூட்டமான நாளே நன்று என்பது தல்பட்டின் அறிவுரை. வெயிலிலேதான் எடுக்க வேண்டுமெனின், ஒரு பக்கத்தே சற்றுத் தள்ளி வெள்ளைத் துணியொன்றைப் பிடித்தல் வேண்டும். துணியிற் பட்டுத் திரும்பும் ஒளி, இருளில் மறையும் பகுதிகளைச் சிறிதே துலங்கச் செய்யும்.

1922இல் அமெரிக்கரான போல் அவுட்டர்பிரிட்ஜ் சதுரங்கக் கட்டங்களின்மேல் ஒரு சட்டைக் கழுத்துப்பட்டியை மட்டும் வைத்துப் படமெடுத்தார். அது சஞ்சிகை விளம்பரமாயிற்று. 1995இல் இணையத்து ஏலக்கடை தோன்றியபின், விற்போர் ஒவ்வொருவரும் படப்பிடிப்பாளராயினர். கைத்தொலைபேசியே கமரா, சாளரமே விளக்கு, துணிக்குப் பதில் வெள்ளை அட்டை. ஆனால் நிழலைப் போக்கும் அட்டை, விளிம்பிலுள்ள மயிரிழை வெடிப்பையும் கண்ணுக்குத் தெரியாமற் செய்துவிடும். அதனால் நேர்மையான வியாபாரி அட்டையை அகற்றி, ஒளி சாய்ந்து விழுமாறு தட்டைத் திருப்பிவைத்து, அவ்வெடிப்பை மட்டும் இன்னொரு படம் எடுக்கிறார்.