கேம்பர் வேன் டயர்கள்

கேம்பர் வேன் டயர்கள் என்பவை, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி முதலியவற்றைப் பொருத்தி, உள்ளேயே தங்கிப் பயணம் செய்யத்தக்கவாறு மாற்றப்பட்ட வேன்களுக்குரிய காற்றடைத்த டயர்களாகும். சரக்கு வேன் சுமையை இறக்கியதும் இலேசாகிவிட, கேம்பர் வேன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் மாதங்களிலும் தன் எடையில் பெரும்பகுதியைச் சுமந்தபடியே நிற்பதால், இரண்டின் அடிச்சட்டமும் ஒன்றாக இருந்தாலும் டயர்த் தேவை வேறுபடுகிறது. எனவே டயரை மாற்றும்போது விலை, பட்டன் (தரையைத் தொடும் வெட்டுவரிப் பகுதி) அமைப்பு ஆகியவற்றுக்கு முன்னதாக, ஒவ்வோர் அச்சின் மேலும் இறங்கும் எடை கணக்கிடப்படுகிறது.

வரலாறு

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றிருந்தபோதிலும், ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் பெல்ஃபாஸ்டில் அதைப் புதிதாக உருவாக்கிய பின்னரே அது வழக்கத்துக்கு வந்தது. தொடக்கக் கால மோட்டார் டயர்களில் பருத்தி நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டுப் படிந்திருந்தமையால் அவை குறுக்கடுக்கு டயர்கள் எனப்பட்டன. அடுக்குகள் கூடக் கூடத் தாங்கும் சுமையும் கூடியதால், டயரின் வலிமையை அடுக்கு எண்ணிக்கையால் குறிக்கும் முறை தோன்றியது. பருத்தியின் இடத்தை ரேயானும் நைலானும் பிடித்த பின்பும் அந்த எண் மறையவில்லை, '8 பி.ஆர்.' என்பது எட்டுப் பருத்தி அடுக்குகளுக்கு நிகரான வலிமையைக் குறிக்குமேயன்றி, உள்ளே எட்டு அடுக்குகள் இருப்பதாகப் பொருள்படாது.

மிச்செலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்று 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரில், நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்ல, அவற்றின் மேல் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றிவர இறுக்கின. பக்கச்சுவர் வளைந்து கொடுத்தபோதும் தரையைத் தொடும் பகுதி தட்டையாக நின்றதால், தேய்மானமும் சூடேறுவதும் குறைந்தன. கார்களிலும் வேன்களிலும் குறுக்கடுக்கு டயர்கள் இதனால் படிப்படியாக வழக்கொழிந்தன.

இம்மாற்றத்தின் படிகளை ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேனில் வரிசையாகக் காணலாம். 1950-இல் வெளிவந்த அவ்வண்டி முதலில் 5.60-16 அளவுள்ள குறுகிய குறுக்கடுக்கு டயர்களில் ஓடியது; 1955-இல் 6.40-15, 1963-இல் 7.00-14 என அகலம் கூடியும் ரிம் சிறுத்தும் வந்தபின், 1970-களில் 185 ஆர் 14 அளவுள்ள ரேடியல் டயர் இடம்பெற்றது. 1951-இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் இவ்வேனுக்காக விற்ற 'கேம்பிங் பாக்ஸ்' கழற்றி வைக்கத்தக்க மரச்சாமான் தொகுதியாக இருந்ததால், வாரநாளில் சரக்கும் விடுமுறையில் குடும்பமும் ஏறின. அறைகலன்கள் நிலையாகப் பொருத்தப்பட்ட பிறகே நீங்காச் சுமை என்னும் சிக்கல் எழுந்தது. பழைய வேன்களைப் பேணுவோர் முன் அச்சில் ரேடியலும் பின் அச்சில் குறுக்கடுக்கும் பூட்டுவதைப் பிரிட்டிஷ் சட்டம் தடுக்கிறது. அவ்வாறு கலந்தால் வளைவில் பின்புறம் முதலில் பிடியை இழக்கும்.

குறியீடுகளும் வகைப்பாடும்

டயரின் பக்கச்சுவரில் '225/75 ஆர் 16 சி.பி. 116' என அச்சாகியிருக்குமாயின், 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் நூற்றுவீதம், அதாவது ஏறத்தாழ 169 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். சி.பி. என்பது கேம்பர் வேனுக்குரிய வகை. இவற்றிலிருந்து டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 744 மில்லிமீட்டர் எனக் கிடைக்கிறது. மாற்று டயர் இவ்விட்டத்திலிருந்து விலகினால் வேகமானி பிழையாகக் காட்டும்.

இறுதியிலுள்ள 116 சுமைக் குறியெண்ணாகும். அது கிலோகிராம் கணக்கன்று, ஓர் அட்டவணையில் பார்த்தறிய வேண்டிய எண். அவ்வட்டவணைப்படி 102 என்பது 850 கிலோ, 109 என்பது 1,030 கிலோ, 116 என்பது 1,250 கிலோ, 118 என்பது 1,320 கிலோ. 102/100 என இரட்டை எண் இருந்தால், இரண்டாவது எண் ஒரு பக்கத்தில் இரு சக்கரங்கள் இணைந்திருக்கும் நிலைக்குரியது. அதைத் தொடரும் எழுத்து உச்ச வேகத்தைக் குறிக்கும்: மணிக்குக் கியூ 160, ஆர் 170, டி 190 கிலோமீட்டர்.

வேன் டயர்கள் மூவகைப்படும். முதலாவது, கார் டயரின் உட்கட்டை உறுதிப்படுத்திய வகை. இது சிறிய கேம்பர்களுக்கே பொருந்தும். இரண்டாவது, சரக்கு வேன்களுக்கான 'சி' வகை. மூன்றாவது, கேம்பர் வேனுக்கென்றே ஐரோப்பியத் தரநிலையில் வகுக்கப்பட்ட 'சி.பி.' வகை, நீங்காச் சுமையைத் தாங்குமாறு இதன் உட்கட்டும் பக்கச்சுவரும் வலுவூட்டப்பட்டுள்ளன. மிச்செலின், கான்டினென்டல் முதலிய நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. போதிய சுமைக் குறியெண் உள்ள 'சி' டயரே போதும் என்று சிக்கனம் கருதுவோர் வாதிப்பதுண்டெனினும், கேம்பர் வேனுக்கு உரியது சி.பி. வகையே ஆகும்.

தேர்வு முறை

ஐரோப்பாவில் கேம்பர் வேனாக மிகப் பரவலாக மாற்றப்படும் ஃபியட் டுகாட்டோவின் இலேசு அடிச்சட்டத்தில் பின் அச்சின் வரம்பு 2,000 கிலோ. 109 என்னும் குறியெண் கொண்ட இரு டயர்கள் 2,060 கிலோ தாங்குமாதலால், எஞ்சுவது 60 கிலோவே. வரம்பு 2,400 கிலோவாகவுள்ள கன அடிச்சட்டத்துக்கு 116 குறியெண் டயர்கள் 2,500 கிலோ தாங்கும். சுமை வைக்கப்படும் இடமும் கணக்கில் சேரும். அச்சுகளுக்கிடையே 4 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோ எடையுள்ள சைக்கிள்களைத் தொங்கவிட்டால், நெம்புகோல் விளைவால் பின் அச்சில் 125 கிலோ கூடுகிறது. முன் அச்சில் 25 கிலோ குறைகிறது. ஆதலால் பயணத்துக்கு ஆயத்தமான நிலையில், தண்ணீரும் ஆட்களும் உள்ளிருக்க, எடைமேடையில் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்த பின்னரே டயர் வாங்குவது முறையாகும்.

சி.பி. டயரை ஒற்றைச் சக்கரப் பின் அச்சில் பூட்டும்போது 5.5 பார், அதாவது ஏறத்தாழ 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் ஐரோப்பியத் தரநிலையில் பரிந்துரைக்கப்படுகிறது; முன் அச்சின் அழுத்தம் அதன் எடையைப் பொறுத்தது. இவ்வளவு காற்றில் வண்டி குதிக்கிறது என்போர் உளராயினும் அது பொறுத்துக்கொள்ளத் தக்கதே. சாதாரண ரப்பர் வால்வு 4.5 பார் வரைக்குமே உரியதாதலால், டயரோடு உலோக வால்வும் மாற்றப்பட வேண்டும்.

கேம்பர் வேன் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடினால், பட்டன் தேயுமுன் வெயிலாலும் ஓரிடத்தில் நிற்பதாலும் ரப்பர் முதிர்ந்து பக்கச்சுவரில் மயிரிழை விரிசல் காணும். '3219' என்னும் நான்கிலக்கம் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத் தயாரிப்பைக் காட்டும். மூன்றிலக்கமே இருந்தால் டயர் 2000-க்கு முற்பட்டது. பட்டனின் ஆழத்துக்கு ஐரோப்பியச் சட்டம் விதித்த குறைந்தபட்ச அளவு 1.6 மில்லிமீட்டராயினும், வயது பத்தைத் தாண்டிய டயர், பட்டன் எவ்வளவு மீந்திருந்தாலும், கழற்றத்தக்கது.

டுகாட்டோ போன்ற முன்சக்கர இயக்க வண்டிகள் பின்புறம் கனத்து நிற்பதால் ஈரப் புல்வெளியில் முன் சக்கரம் வீணே சுழல்வதுண்டு. பலர் ஆழ்ந்த வெட்டுகளுடைய பட்டனைத் தேர்வது இதற்காகவே. பனிக்காலத்துக்கு மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரையப்பட்ட முத்திரை வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பனிபடர்ந்த சாலைக்கு இம்முத்திரை பெற்ற டயர்களே ஏற்கப்படுகின்றன.

இன்றைய நிலை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் நடப்பிலுள்ள டயர் ஒட்டுச்சீட்டு, எரிபொருள் சிக்கனம், ஈரச்சாலைப் பிடிப்பு, வெளியோசை ஆகியவற்றைத் தரப்படுத்துகிறது. பக்கச்சுவரின் வலிமை அத்தரவரிசையில் இடம்பெறவில்லை.