பழங்களில் இயற்பியல் மாற்றமும் வேதியியல் மாற்றமும்

ஒரு பொருளின் வடிவமோ அளவோ நிலையோ மாறினாலும் அதன் மூலக்கூறுகள் மாறாதிருப்பின் அது இயற்பியல் மாற்றம்; மூலக்கூறுகள் சிதைந்தோ இணைந்தோ புதிய பொருள் தோன்றுமாயின் அது வேதியியல் மாற்றம். கடலூர் மாவட்டத்தின் பீங்கான் தொழில் நகரமாகிய விருத்தாசலம், முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஊராகவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரியை ஆராயும் இடமாகவும் இருப்பதால், இவ்விரு மாற்றங்களையும் சூளையில் ஒருவிதமாகவும் தோப்பில் வேறுவிதமாகவும் அங்குக் காணலாம். வார்த்த களிமண் உலரும்போது துகள்களுக்கு இடையிலுள்ள நீர் மட்டுமே வெளியேறுகிறது. ஆகவே, உலர்ந்த வார்ப்பை மீண்டும் நீரில் ஊறவைத்துக் குழைத்துவிடலாம். சூளையில் வெப்பநிலை ஏறத்தாழ 500 பாகை செல்சியசைக் கடந்ததும், களிமண்ணின் முதன்மைக் கனிமமான கயோலினைட்டின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நீராகப் பிரிந்து கனிமமே வேறாகிவிடுவதால், சுட்ட கலம் எத்தனை நாள் ஊறினாலும் மண்ணாவதில்லை.

மீளக்கூடியது இயற்பியல் மாற்றம், மீளாதது வேதியியல் மாற்றம் என்று பள்ளிகளில் சொல்லித்தரப்படும் விதி களிமண்ணுக்குப் பொருந்துகிறதே தவிர, பழத்தைப் பொறுத்தவரை வழிதவறச் செய்கிறது. அறுத்த பலாவை ஒட்டவைக்க இயலாதெனினும் அறுத்தல் இயற்பியல் மாற்றமே. பலாப்பால் நீரில் கரையாமல் எண்ணெயோடு கலந்து விடுபடுவதும், அதனால் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு சுளையெடுப்பதும் இவ்வகையே. உப்பிட்ட மாவடு சுருங்குவதற்குக் காரணம், வெளியே உப்பின் செறிவு மிகுந்திருப்பதால் செல்களின் நீர் சவ்வின் வழியே வெளியேறும் சவ்வூடு பரவல் ஆகும்; நாளடைவில் அந்த உப்புநீரில் நுண்ணுயிர்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும்போதுதான் வேதியியல் மாற்றம் தொடங்குகிறது.

பழத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடர்ந்தே வருகின்றன. முழுப்பழத்தில் பாலிஃபீனால் என்னும் சேர்மங்களும், அவற்றை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்யும் நொதியாகிய பாலிஃபீனால் ஆக்சிடேசும் செல்லின் வெவ்வேறு அறைகளில் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. கத்தி அவ்வறைகளை உடைத்ததும், ஆப்பிளும் வாழையும் வெட்டுவாயில் பழுப்பு நிறமேறுகின்றன. எலுமிச்சைச் சாறு அமிலத்தன்மையால் நொதியை மந்தப்படுத்துவதோடு, வைட்டமின் சியின் வழியாக வினையைப் பின்னோக்கியும் தள்ளுகிறது.

பழுத்தல் முழுமையாக வேதியியல் மாற்றம். பச்சை வாழைக்காயில் ஐந்தில் ஒரு பங்களவில் இருக்கும் மாச்சத்து, பழுத்த பின் ஓரிரு விழுக்காடாகக் குறைந்து சர்க்கரையாகிவிடுகிறது. வெட்டிய காயில் அயோடின் துளியிட்டால் கருநீலம் தோன்றுவதும், நன்கு பழுத்ததில் தோன்றாமையும் இதற்குச் சான்று. பச்சையம் சிதைவதால் மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. செல்சுவர்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைவதால் சதை இளகுகிறது. இவற்றைத் தூண்டும் எத்திலீன் வாயு காயிலேயே உருவாவது. வாழைத்தாரை மூட்டம் போடும் பழைய முறை, புகையிலுள்ள எத்திலீனைப் பயன்படுத்திக்கொண்டது. கார்பைடு கல் ஈரம் பட்டதும் வெளியிடுவதோ அசிட்டிலீன். அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் மாசுகள் கலந்திருக்கக்கூடும் என்பதால் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அதைக்கொண்டு பழுக்கவைப்பதைத் தடைசெய்கின்றன.

முந்திரி இந்த வரிசையிலிருந்து விலகி நிற்கிறது. பழம் என்று அழைக்கப்படுவது பருத்த காம்பே. தாவரவியலின்படி உண்மையான கனி அதன் முனையில் தொங்கும் கொட்டைதான். காம்புப்பழம் பறித்தபின் பழுக்கும் இயல்பில்லாதது. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொண்டிருந்தும், ஓரிரு நாளில் அழுகிவிடுவதாலும் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பாலும் பெரும்பகுதி தோப்பிலேயே வீணாகிறது. துவர்ப்புக்குக் காரணம் டானின்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவது. சவ்வரிசிக் கஞ்சியையோ அரிசிக் கஞ்சியையோ சாற்றில் கலந்து வைத்தால், டானின் அதனோடு சேர்ந்து அடியில் படிந்துவிட, மேலே தெளிந்த சாறு நிற்கும்.

கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். அது பட்ட இடம் கொப்புளிக்கும் என்பதால், கொட்டை உடைப்போர் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வதுண்டு. சூடேற்றும்போது இவ்வமிலம் கார்பன் டைஆக்சைடை இழந்து கார்டனால் என்னும் வேறு சேர்மமாகிறது. பிரேக் பட்டை, வண்ணப்பூச்சு, பிசின் ஆகியவற்றின் தயாரிப்பில் பயன்படும் மூலப்பொருள் இதுவே. ஓட்டை நீக்கிய பருப்பை உலர்த்தும் அடுத்த கட்டத்தில், ஈரம் குறைந்து பருப்பு சுருங்குவதால் மேல்தோல் தளர்ந்து உரிகிறது. இது வெறும் இயற்பியல் மாற்றம்.

காம்புப்பழத்தை வீணாக்காமல் பயன்படுத்தும் பகுதிகளுள் கோவா முதன்மையானது. அங்குப் பிழிந்த சாற்றை நொதிக்கவிட, ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிக்கிறது. அதைக் காய்ச்சி வடிக்கும்போது எத்தனால் நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில், அதாவது 78 பாகையில், கொதிப்பதால், எழும் ஆவியில் அதன் பங்கு மிகுந்து, குளிர்ந்ததும் ஃபெனி என்னும் மதுவாக இறங்குகிறது.