உடைப்பெட்டி கைமாறிய கதை: கம்பம் பள்ளத்தாக்கின் நாடக மேடையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா களைகட்டும். அதையொட்டிக் கோடை முழுவதும் தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வட்டாரங்களில் ஊர்ப் பொங்கல்கள் நடக்கும். இந்த விழாக்களின் இரவுகளில் இன்றும் 'வள்ளி திருமணம்' நாடகம் நடத்தும் ஊர்கள் உண்டு. விழாக் கமிட்டியார் ஏஜெண்ட் மூலம் பேசி முடிக்கும் நடிகர்கள் மதுரை, திண்டுக்கல் எனப் பல ஊர்களிலிருந்து வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. அப்படியிருந்தும் ராஜபார்ட் மேடையேறியதும் அவர் முருகன் என்பது கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்துவிடுகிறது. இந்த உடை ஒழுங்கை வகுத்தவர் யார்? உடைப்பெட்டி யாரிடம் இருந்தது என்று பின்தொடர்ந்தால் இதற்கு விடை கிடைக்கும். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்தப் பெட்டி கம்பெனியிடமிருந்து தனி நடிகரிடம் வந்து சேர்ந்தது. மேடை உடை பொது இலக்கணமாக இறுகியதும் அந்தக் கைமாற்றத்தால்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கம்பெனியின் சொத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராத்தி, பார்சி நாடகக் குழுக்கள் தமிழகத்துக்கு வந்தன. வரைந்த திரை, வெல்வெட் அங்கி, ஜரிகை, மணிமுடி ஆகியவை அவற்றோடு இங்கே பரவின. தஞ்சையில் நவாப் கோவிந்தசாமி ராவ் நடத்திய மனமோகன நாடகக் கம்பெனி இந்த அலையில் எழுந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது படித்தவர்களும் வக்கீல்களும் வேடம் கட்ட முன்வந்தார்கள். தெருக்கூத்தின் மரக்கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் இந்தப் புதிய மேடையில் இடமில்லை.

தென்மாவட்டங்களில் இந்த மாற்றத்தை வேரூன்றச் செய்தவை மதுரையின் பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். பின்னதில் சிறுவர்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். பையன்களுக்குச் சோறு, இருப்பிடம், பயிற்சி எல்லாம் கம்பெனி தந்தது. மேடை உடைகளும் கம்பெனியுடையவைதான். ஸ்திரீபார்ட் போடும் பையனுக்குக் குரல் உடைந்துவிட்டால் வேடம் அடுத்தவனுக்குப் போகும், சேலையும் நகையும் கூடவே போகும். உடை பாத்திரத்தோடு ஒட்டியிருந்தது, நடிகனோடு ஒட்டவில்லை. காட்சி ஜோடனைக்குப் பெயர்பெற்ற நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் இந்த முறை உச்சத்தைத் தொட்டது.

கதரும் காலண்டரும்

1920களில் உடைக்கு அரசியல் பொருளும் வந்து சேர்ந்தது. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் 'கதரின் வெற்றி' சமகால மனிதர்களை, அவர்கள் அன்றாடம் உடுத்தும் துணியோடு மேடையேற்றியது. விடுதலைப் பாடல்களுக்காகப் பலமுறை சிறை சென்ற எஸ்.எஸ். விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்திலேயே மேடையில் உயிர்விட்டார். புராண உடை அணிந்தபடி அரசை எதிர்த்துப் பாடியவர் அவர். புராண உடையும் தேசிய உணர்வும் ஒரே மேடையில் முரணின்றி நின்றதற்கு அவரே சாட்சி.

அதே காலத்தில் தெய்வங்களின் உருவத்தை அச்சுப்படங்கள் ஒருமுகப்படுத்தின. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் நாடெங்கும் பரவின. அந்தப் படங்களின் சேலைக்கட்டிலும் நிற்கும் பாணியிலும் அன்றைய நாடக மேடையின் சாயல் உண்டு. தெற்கே கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் முதலில் நாடகத் திரைகள் வரைந்தார்கள். அதன் பிறகே சிவகாசிக் காலண்டர்களுக்குத் தெய்வப் படம் எழுதினார்கள். ஆகவே கம்பத்து வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் முருகனும் திருவிழா மேடையின் முருகனும் ஒரே கலைமரபில் பிறந்தவர்கள். எந்த நிறப் பட்டு, எந்த வடிவக் கிரீடம் என்று தனியாக யாரும் எழுதி வைக்க வேண்டிய தேவை எழவில்லை.

நடிகரின் டிரங்குப் பெட்டி

1931இல் பேசும் படம் வந்தது. கம்பெனிகளின் பெயர்பெற்ற நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படத்துக்குப் போனார்கள், கம்பெனிகள் தளர்ந்தன. மறுபுறம், நடிகர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யும் ஸ்பெஷல் நாடகம் ஏற்கெனவே பரவிவந்தது. இம்முறையில் திரையையும் ஒலிபெருக்கியையும் வாடகைக்கு விடுபவர் ஒருவர், ஆர்மோனியம் வாசிப்பவர் இன்னொருவர். உடைக்கு அந்தந்த நடிகரே பொறுப்பு. பட்டு, கிரீடம், டோப்பா, ஒட்டுமீசை, சலங்கை, பவுடர் எல்லாவற்றையும் அவர் தம் செலவில் வாங்கிப் பாதுகாத்துப் பஸ்ஸில் சுமந்து வருகிறார்.

ஊர்ச் செலவில் போட்ட கொட்டகையில், வரைந்த திரைக்குப் பின்னால் உள்ள ஒரு தடுப்புதான் ஒப்பனை அறை. 'வள்ளி திருமண'த்தில் வேலன், வேடன், விருத்தன் என்று முருகன் மூன்று கோலம் காட்ட வேண்டும். கிரீடத்தைக் கழற்றித் தலைப்பாகை கட்டி, வில்லை எடுத்தால் வேடன். வெண்தாடியும் தடியும் சேர்ந்தால் கிழவர். ஆர்மோனியக்காரர் பாட்டைக் கொஞ்சம் நீட்டிக்கொடுத்தால் உடை மாற்ற மூச்சுவிட நேரம் கிடைக்கும். இந்த அவசரத்தில் முடிச்சைவிட ஊக்கும் கொக்கியும் கைகொடுக்கும். பெட்டியில் துணி அடுக்கிய வரிசையே காட்சிகளின் வரிசை. நாரதரின் காவியையும் கொண்டையையும் யாரும் மாற்றத் துணிவதில்லை. எதிரே நிற்கும் வள்ளியை அன்றிரவுதான் முதன்முதலாகச் சந்திக்கும் நாரதருக்கு, தர்க்கத்தைத் தொடங்குமுன் தம்மை யாரென்று உணர்த்த உடையே துணை. பபூனின் வண்ணச் சட்டைக்கும் டான்ஸ் ஆடுபவரின் பாவாடை தாவணிக்கும் மட்டும் இந்த விதி இல்லை. அவை காலத்துக்கேற்ப மாறிக்கொண்டே வருகின்றன.

வெளிச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. தீவட்டியில் மின்னிய கண்ணாடிச் சில்லுக்குப் பின் பெட்ரோமாக்ஸுக்கு ஏற்ற ஜரிகை வந்தது. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் லோயர் கேம்ப் நீர்மின் நிலையம் 1950களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. டியூப் லைட் வெளிச்சத்தில் மங்காத சம்கியும் ஜிகினாவும் காலப்போக்கில் மேடையை நிறைத்தன.

வீட்டுத் துணியில் வேடம்

பெட்டியே தேவைப்படாத நாடகமும் இதே மண்ணில் வளர்ந்தது. திராவிட இயக்க நாடகங்கள் வேட்டி சட்டையில் வசனம் பேசின. அந்த இயக்கத்தின் நடிகரும் முன்னர் டி.கே.எஸ். குழுவில் இருந்தவருமான எஸ்.எஸ். ராஜேந்திரன் 1962இல் தேனித் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றார். அல்லிநகரத்து இளைஞர் பாரதிராஜா, சினிமாவுக்குப் போகுமுன் 'ஊர் சிரிக்கிறது', 'சும்மா ஒரு கதை' என்று நாடகம் எழுதிச் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் போட்டார். சமூக நாடகத்துக்கு ஊர்க்காரர் துணியே போதும். 1977இல் அவர் இயக்கிய '16 வயதினிலே' படத்தில் சப்பாணியின் கோவணத்தைத் திரையில் பார்த்தவர்கள், கிராமத்து ஆள் நிஜமாக உடுத்துவதைப் பார்த்தார்கள். இந்தத் துணிச்சலில் திருவிழா மேடைப் பழக்கத்துக்கும் பங்கு இருக்கலாம்.

முடிவுரை

பெட்டி கம்பெனியிடம் இருந்தவரை உடையில் புதுமை செய்ய முதலாளியால் முடிந்தது. அது நடிகரின் தோளுக்கு வந்தபின் புதுமை ஆபத்தானது. முன்பின் தெரியாத சக நடிகரும் பார்வையாளரும் உடனே அடையாளம் காணும் கோலமே பிழைப்பைக் காத்தது. ஆகையால் ஸ்பெஷல் நாடக உடை மாறாமல் இருப்பதைப் பழமைப் பிடிப்பு என்று தள்ளிவிட முடியாது. இயக்குநர் இல்லாத மேடையில் இயக்குநரின் வேலையை அந்த உடை செய்கிறது. நாடகப் பிரதிகளையும் பாடல்களையும் தொகுத்த அக்கறையில் ஒரு பங்கையாவது இந்தப் பெட்டிகளின் மீது ஆய்வாளர்கள் செலுத்த வேண்டும். நடிகர் மேடையை விட்டு ஒதுங்கும்போது பெட்டியிலுள்ளவை விற்கப்பட்டோ பிரிக்கப்பட்டோ போனால், அவற்றோடு ஒரு நூற்றாண்டின் மேடை இலக்கணமும் போய்விடும்.