தூக்கமற்ற இரவின் குரல்: ஸ்கார்ஃபேஸும் ஹூஸ்டன் ராப்பும்

அமெரிக்க ராப் இசையின் வரலாறு வழக்கமாக நியூயார்க்கில் தொடங்கி லாஸ் ஏஞ்சலஸில் முடிந்துவிடும். தென்மாநிலங்கள் பின்னிணைப்பில் வரும். அங்கும் அட்லாண்டாவுக்கே முதல் மரியாதை. இந்த வரிசையை ஏற்கத் தயங்குவதற்கு ஒருவரின் இசைவாழ்வே போதும். அவர் டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் 1970இல் பிறந்த பிராட் ஜோர்டன். ஸ்கார்ஃபேஸ் என்றால்தான் பலருக்குத் தெரியும். அல் பசீனோ நடித்த 1983ஆம் ஆண்டுத் திரைப்படம் தந்த பெயர் அது. வன்முறையை அன்று எல்லோரும் பாடினார்கள். அதற்குப் பின் வரும் தூக்கமற்ற இரவைப் பாடியவர் இவர்.

நகரின் தென்பகுதியில் உள்ள சவுத் ஏக்கர்ஸில் வளர்ந்தவர். பதின்வயதிலேயே கடும் மனச்சோர்வால் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றதை 2015இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஒளிக்காமல் சொல்கிறார். இதை மனத்தில் வைக்காமல் இவருடைய பாடல்களைப் படிப்பது வீண்.

1980களில் பெரிய இசை நிறுவனங்கள் தெற்கை எட்டிப் பார்க்கவில்லை. பழைய கார் வியாபாரம் செய்துவந்த ஜேம்ஸ் பிரின்ஸ், ஹூஸ்டனிலேயே ‘ராப்-எ-லாட்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ‘கெட்டோ பாய்ஸ்’ குழுவில் ஜோர்டன், வில்லி டி, புஷ்விக் பில் ஆகியோர் சேர்ந்து பாடிய முதல் தொகுப்பு 1989இல் வந்தது. அடுத்த ஆண்டு இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபின் துணையோடு தேசியச் சந்தைக்குப் போக முயன்றபோது, பாடல்கள் கொடூரமானவை என்று கெஃபன் நிறுவனம் விநியோகிக்க மறுத்தது. அந்தக் குற்றச்சாட்டு முழுப் பொய்யன்று. பெண்களைப் பற்றிய சில வரிகளை இன்றும் நியாயப்படுத்த முடியாது.

திருப்பம் 1991இல் வந்தது. ‘வி கான்ட் பி ஸ்டாப்டு’ தொகுப்பின் அட்டையில், துப்பாக்கிக் குண்டால் ஒரு கண்ணை இழந்த புஷ்விக் பில் மருத்துவமனைத் தள்ளுபடுக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அட்டையை மறந்தவர்கள்கூட அதிலுள்ள ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ பாடலை மறக்கவில்லை. சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸின் 1974ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்து ஒரு கிட்டார் துண்டை எடுத்து, அதையே சுழலவிட்டு அமைத்த பாட்டு. ஹேய்ஸ் மெம்ஃபிஸ்காரர், ஆக, அடித்தளமும் தெற்கின் சரக்குதான். நான்கு பகுதிகளில் மூன்றை ஜோர்டன் எழுதினார். புஷ்விக் பில் பாடும் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள்: ஹாலோவீன் இரவில் எதிரி ஒருவனை அடித்து நொறுக்குகிறார்கள், சட்டென்று அந்த ஆள் மறைந்துபோகிறான். எஞ்சுவது வெறும் தரையைக் குத்தி ரத்தம் வழியும் கைகள். ராப்பில் அதுவரை மார்தட்டிய ‘நான்’ இங்கே தன்னையே சந்தேகிக்கிறது. பில்போர்டு இதழின் பொதுப் பட்டியலில் பாடல் 23ஆம் இடம்வரை சென்றது.

அதே ஆண்டில் ஸ்கார்ஃபேஸின் தனித்தொகுப்பும் வந்தது. ஆனாலும் முதிர்ச்சி தெரிவது 1994ஆம் ஆண்டின் ‘தி டைரி’யில்தான். தயாரிப்பாளர்கள் மைக் டீனும் என்.ஓ. ஜோவும் சேர்த்த ஆர்கன் ஒலியில் தேவாலயத்தின் சாயல் உண்டு. சிறையிலிருந்து வெளியே வந்தவனின் கதை மரணத்தில் முடியும் பாடலொன்றில், சாகிறவனின் காதருகே குனிந்து பேசும் பாதிரியார் போல ஸ்கார்ஃபேஸின் கனத்த குரல் இறங்குகிறது. தொகுப்பு பில்போர்டில் 2ஆம் இடம் பெற்றது. 1997இல் ‘தி அன்டச்சபிள்’ முதலிடத்தையே பிடித்தது. அதில் ராப் பாடகர் டூபாக்கின் குரலும் உண்டு. அவர் கொல்லப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன.

பிறகு வணிகத்திலும் கை வைத்தார். டெஃப் ஜாம் நிறுவனத்தின் தென்பிரிவுக்குத் தலைமையேற்று ராப் பாடகர் லூடாக்ரிஸை ஒப்பந்தம் செய்தார். நியூயார்க் நிறுவனமே தெற்கில் கடை விரிக்கும் காலம் வந்துவிட்டிருந்தது. ‘தி ஃபிக்ஸ்’ (2002) தொகுப்புக்கு ‘தி சோர்ஸ்’ இதழ் தன் உச்ச மதிப்பான ஐந்து மைக்குகளை வழங்கியது.

2019இல் ஹூஸ்டன் மாநகர மன்றத் தேர்தலில் நின்று தோற்றார். பிறகு கொரோனா தொற்று அவருடைய சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. 2021இல் மகன் தந்த சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. 2023 டிசம்பரில், 53 வயதில், என்.பி.ஆர். வானொலியின் ‘டைனி டெஸ்க்’ அரங்கில் இசைக்குழுவோடு மீண்டும் பாடினார்.